கொலுசுப் பெட்டிக்கு லேசர் கட்டிங்: ஒரே வரைபடம் பிளைவுட்டில் தளர்கிறது, அக்ரிலிக்கில் நுழையவில்லை

பட்டறைவீடு, செவ்வாய்ப்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடந்து வருகிறது. நான் கணினி அறிவியல் படித்து முடித்தபின் அப்பாவுக்குத் துணையாகக் கணக்கையும் வெளியூர்க் கடைக்காரர்களையும் கவனித்துக்கொள்கிறேன். மாதிரிக் கொலுசுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்புவதற்குப் பதிலாக, ஒரு ஜோடி அடங்கும் சிறிய பெட்டியில் வைத்து, மூடியில் பட்டறையின் பெயரை ஸ்டிக்கராக ஒட்டி அனுப்பலாம் என்ற எண்ணம் வந்ததும், இங்க்ஸ்கேப் மென்பொருளை இரண்டு மாதங்கள் நானே பழகி, 200 மி.மீ. நீளம், 80 மி.மீ. அகலம், 40 மி.மீ. உயரம் கொண்ட ஒரு பெட்டியை வரைந்தேன். அதன் மூலைகள் பல் பல்லாகக் கோத்துக்கொள்ளும். கொலுசுகள் இரண்டும் உரசாமல் இருக்க நடுவில் ஒரு தடுப்பு, பக்கச் சுவர்களில் உள்ள துளைகளில் நுழைந்து நிற்கும். பலகை 3 மி.மீ. என்று கடையில் சொன்னதால் துளைகளையும் சரியாக 3 மி.மீ. அகலத்திலேயே வரைந்தேன்.

சேலம் நகரில் லேசர் கட்டிங் செய்து தரும் ஒரு கடையில் பிளைவுட்டில் ஒரு பெட்டியும் அக்ரிலிக்கில் ஒரு பெட்டியும் வெட்டி வாங்கினேன். பிளைவுட் பெட்டியைக் கையில் எடுத்தால் அடிப்பலகை கழன்று மடியில் விழுகிறது. நடுத்தடுப்பு கடகடவென்று ஆடுகிறது. அக்ரிலிக் பெட்டியிலும் மூலைகள் தளர்வாகத்தான் இருக்கின்றன; ஆனால் நடுத்தடுப்பு மட்டும் துளைக்குள் போகவே இல்லை. மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டியபோது துளையின் முனையிலிருந்து ஒரு விரிசல் ஓடிவிட்டது. கடைக்காரர் வரைபடம் தவறு என்கிறார். ஒரே வரைபடம் எப்படி ஒரு பலகைக்குப் பெரிதாகவும் இன்னொன்றுக்குச் சிறிதாகவும் இருக்க முடியும் என்பது எனக்குப் புரியவில்லை.

ஸ்டிக்கரிலும் சிக்கல் இருக்கிறது. ‘வெள்ளி’ என்ற சொல்லில் ‘ளி’ எழுத்தின் கொக்கி சேரும் இடத்தில் எழுத்துக்குள்ளேயே குறுக்குக் கோடு வெட்டப்பட்டிருக்கிறது. தேவையற்ற பகுதியை உரிக்கும்போது அந்தத் துண்டும் கூடவே வந்துவிட்டது.

சொந்தமாக ஒன்று வாங்குவதென்றால் முதலில் சிறிய டயோடு லேசர் வாங்குவதா, ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் வாங்குவதா? பை தைத்து விற்கும் என் சித்தி, ரெக்சினையும் லேசரிலேயே வெட்டித் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

பழைய ஃபிட்டர், சூரமங்கலம்

அம்மா, கடைக்காரர் சொல்வது சரிதான். ஆனால் வெட்டுவதற்கு முன்பே அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் தொழிற்சாலைக் கருவிகள் செய்யும் டூல்ரூமில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். லேசர் எனக்குப் பணி ஓய்வுக்குப் பிறகு வந்த பழக்கம் என்றாலும் அளவு பற்றிய சங்கதி எல்லா இயந்திரத்துக்கும் ஒன்றுதான்.

வெள்ளி வேலை நடக்கும் வீட்டில் வளர்ந்த உங்களுக்குச் சேதாரத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. லேசரும் சேதாரம் எடுக்கும். ரம்பம் போகும் வழியில் மரம் தூளாகப் போவதைப் போல, ஒளிக்கற்றை போகும் வழியில் பலகை ஆவியாகப் போகிறது. அந்த வெட்டு அகலம் கார்பன் டை ஆக்சைடு லேசரில் (அந்த வாயு உள்ள குழாயில் ஒளி உண்டாகும் வகை) பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கும். நீங்கள் வரைந்த கோட்டின் நடுவில் கற்றை செல்வதால், அதில் பாதி கோட்டுக்கு இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் போய்விடும். ஆகவே துளை வரைந்ததைவிட ஒரு வெட்டு அகலம் பெரிதாகிறது, பல் ஒரு வெட்டு அகலம் சிறிதாகிறது. பல்லும் பள்ளமும் சேரும் மூலையில் இரண்டு பக்கத்து இழப்பும் கூடி இரண்டு மடங்கு இடைவெளி வருகிறது. உங்கள் அடிப்பலகை மடியில் விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

பலகையின் கனம் இரண்டாவது சங்கதி. கடையில் ‘3 எம்.எம்.’ என்பது பலகையின் பெயரே தவிர அளவு அல்ல. ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி, பலகையை நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். பிளைவுட் 2.7 இருக்கும், 3.2 இருக்கும், வார்ப்பு அக்ரிலிக்கில் ஒரே தாளில் ஓரம் ஓர் அளவும் நடு வேறோர் அளவுமாக இருப்பதுண்டு. ஒரே துளை ஒரு பலகைக்குத் தளர்வாகவும் மற்றதற்கு இறுக்கமாகவும் போனதில் மாயம் எதுவும் இல்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 100 மி.மீ. நீளமுள்ள ஒரு செவ்வகத்தை வரைந்து, உள்ளே 10 மி.மீ.க்கு ஒரு கோடாக ஒன்பது குறுக்குக் கோடுகள் போட்டு வெட்டச் சொல்லுங்கள். கிடைக்கும் பத்துப் பட்டைகளையும் நெருக்கி அடுக்கி மொத்த நீளத்தை அளந்தால், 100-க்கு எவ்வளவு குறைகிறதோ அதைப் பத்தால் வகுத்தது உங்கள் வெட்டு அகலம். ஒரே ஒரு பட்டையை அளந்து கழிப்பதைவிட இது நம்பகமானது. அளக்கும் கையின் பிழையும் பத்தாக வகுபட்டுவிடும். அடுத்து, அதே பலகையில் ஒரு சீப்பை வெட்டுங்கள்: 2.40 முதல் 2.90 வரை 0.05 மி.மீ. ஏற்றத்தில் பதினொரு பள்ளங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் அதன் அளவைப் பொறித்துவிட வேண்டும். அந்தப் பலகையின் துண்டையே ஒவ்வொரு பள்ளத்திலும் நுழைத்துப் பார்த்தால், பெருவிரல் அழுத்தத்தில் உள்ளே போய், தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் நிற்கும் பள்ளம் எதுவென்று கை சொல்லிவிடும். காகிதத்தில் போடும் கணக்கைவிட இந்தச் சீப்பை நான் அதிகம் நம்புகிறேன்.

மூலைப் பற்களுக்கு, ஒவ்வொரு பலகையின் வெளிக்கோட்டையும் வெட்டு அகலத்தில் பாதி அளவுக்கு வெளியே தள்ளி வரைய வேண்டும். நீங்கள் கணினி படித்தவர் என்பதால், ஓபன்ஸ்கேட் போன்ற மென்பொருளில் கனம், வெட்டு அகலம் ஆகிய இரண்டையும் மாறிகளாக வைத்து வரைபடத்தை எழுதிவிடுங்கள். பலகை மாறும்போது இரண்டு எண்களை மட்டும் திருத்தினால் போதும். பாக்ஸஸ்.பை என்ற இலவச நிரலும் பெட்டிகளை வரைந்து தருகிறது. அதில் ‘பர்ன்’ என்று கேட்கும் இடத்தில் முழு வெட்டு அகலத்தைப் போடாமல் அதில் பாதியைப் போட வேண்டும்.

அக்ரிலிக்குக்கு மரத்தைப் போல நெகிழ்ந்து கொடுக்கும் குணம் கிடையாது. அதில் இறுக்கப் பொருத்தத்தை நாடாமல், துளையை ஒரு மயிரிழை தளர்வாக விட்டு அக்ரிலிக் பசையால் ஒட்டிவிடுங்கள். துளையின் உள்மூலைகளைக் கூராக விடாமல் சிறிது வளைத்து வரையுங்கள். விரிசல் எப்போதும் கூர் மூலையில்தான் பிறக்கும்.

ரேடியம் கடை, ஓமலூர் சாலை

சகோதரி, ஸ்டிக்கர் பற்றி நான் சொல்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக வண்டி நம்பர் பிளேட்டும் கடைப் பலகையும் வெட்டித்தான் பிழைக்கிறேன். எங்கள் தொழிலுக்கே ரேடியம் கட்டிங் என்று பெயர் வந்துவிட்டது, அந்தத் தாளில் ரேடியம் துளிகூடக் கிடையாது. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் தாள், அவ்வளவுதான்.

எழுத்துக்குள் விழுந்த குறுக்குக் கோடு தமிழ் எழுத்துருவின் தொல்லை. ‘ள’ ஒரு வடிவமாகவும் கொக்கி இன்னொரு வடிவமாகவும் இருந்து, திரையில் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே எழுத்தாகத் தெரிகின்றன. கத்திக்கு அது தெரியாது. இரண்டு ஓரங்களையும் தனித்தனியே வெட்டும். எழுத்தை வடிவமாக மாற்றியபின், அனைத்தையும் தேர்ந்தெடுத்து ‘யூனியன்’ கொடுத்து ஒன்றாக்கினால் உள்ளே உள்ள கோடுகள் மறையும். மாற்றாமல் எழுத்தாகவே கோப்பை அனுப்புவது இன்னும் பெரிய வம்பு. எங்களைப் போன்ற கடைகளில் இன்றும் கோரல்டிரா வரைகலை மென்பொருளில் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவை வைத்துத்தான் பலர் ஓட்டுகிறோம். உங்கள் யூனிகோடு எழுத்து எங்கள் திரையில் கட்டம் கட்டமாக வந்து நிற்கும்.

வெட்டப்பட்ட துண்டு உரிக்கும்போது கூடவே வந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: கத்தி ஆழம் பற்றவில்லை அல்லது கத்தி மழுங்கிவிட்டது. சரியான வெட்டு, வினைல் எனப்படும் ஸ்டிக்கர் தாளை முழுதும் அறுத்து, அடியில் உள்ள மெழுகுத்தாளில் நகக்கீறல் போல ஒரு தடத்தை மட்டும் விட வேண்டும். ஒவ்வொரு புதிய சுருளுக்கும் முதலில் ஒரு ஓரத்தில் சதுரத்துக்குள் வட்டம் ஒன்றை வெட்டி உரித்துப் பார்ப்பேன். வட்டம் தாளிலேயே நிற்க, சதுரம் சுத்தமாக எழுந்து வந்தால் அழுத்தம் சரி. சதுரத்தின் மூலைகள் உருண்டிருந்தால், கத்தி முனையின் விலகல் அளவு மென்பொருளில் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது; எங்கள் கத்திகளுக்கு அது 0.25 மி.மீ. சாதாரண வினைலுக்கு 45 பாகைக் கத்தி போதும், ரேடியம் தாள் போன்ற தடித்ததற்கு 60 பாகைக் கத்தி வேண்டும். உரிக்கும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். தாளோடு தாளாகப் படுக்கவைத்துப் பின்னோக்கி இழுத்தால் சிறிய புள்ளிகள்கூட நின்றுவிடும்.

என் கருத்து, முதலில் பிளாட்டரை வாங்குங்கள் என்பதுதான். புகை இல்லை, தீ இல்லை, வீணானால் ஒரு சாண் வினைல் போகும். வெட்டுக்கோடுகளை ஒழுங்காக வரையும் பழக்கம் இதில் வந்துவிட்டால் லேசருக்கு அதே வரைபடம் போதும்.

மலைக்காப்பி, ஏற்காடு

தங்கை, உங்கள் சித்தியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஆபத்தானது. ரெக்சினை லேசரில் வைக்கவே கூடாது. சந்தையில் கிடைக்கும் ரெக்சின் பெரும்பாலும் துணியின்மேல் பி.வி.சி. பூசியது. ஸ்டிக்கர் வினைலும் பி.வி.சி.தான், விளம்பரப் பலகைக்காரர்கள் சன் போர்டு என்று விற்கும் வெள்ளை நுரைப் பலகையும் பெரும்பாலும் அதுதான். லேசர் பட்டதும் அதிலுள்ள குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறும். ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூச்சுக்குழாயையும் கெடுக்கும், இயந்திரத்தின் தண்டவாளங்களையும் சில வாரங்களில் துருப்பிடிக்க வைக்கும். எது பி.வி.சி. என்று ஐயம் வந்தால், ஒரு செப்புக் கம்பியைத் திறந்த வெளியில் அடுப்புச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, அந்தப் பொருளைத் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக மாறினால் அதில் குளோரின் இருக்கிறது என்று பொருள். சித்தியின் ரெக்சினுக்குக் கத்தரிக்கோலோ கத்தி வைத்த வெட்டும் இயந்திரமோதான் வழி.

டயோடு லேசரைப் பற்றி. விளம்பரத்தில் 40 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பது பல நேரங்களில் அது இழுக்கும் மின்சாரத்தின் அளவு. வெளிவரும் ஒளியின் அளவு 5 அல்லது 10 வாட்டாக இருக்கும். அதைவிட முக்கியமானது ஒளியின் நிறம். டயோடு லேசர் 450 நானோமீட்டர் நீல ஒளி; தெளிந்த அக்ரிலிக் வழியே அது சன்னல் கண்ணாடியில் வெயில் போவதைப் போலப் போய்விடும், வெட்டாது. கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளி 10.6 மைக்ரோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மரமும் அக்ரிலிக்கும் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். இந்த லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த சி. குமார் படேல் என்பது நம் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்லப்படாத செய்தி. வெள்ளி இந்த ஒளியைத் திருப்பி அடித்துவிடும் என்பதால், கொலுசின்மேலேயே பெயர் பொறிக்க விரும்பினால் அதற்கு 1064 நானோமீட்டர் ஃபைபர் லேசர் தனியாக வேண்டும். மூடி தெளிந்த அக்ரிலிக்கில் வேண்டுமென்றால் டயோடு லேசர் உங்களுக்கு உதவாது. திறந்த சட்டத்தில் வரும் நீல லேசரின் சிதறல் ஒளி விழித்திரை வரை போகும். அதற்கென்றே செய்யப்பட்ட கண்ணாடி இல்லாமல் அருகில் நிற்பது பெரும் பிழை.

நான் காப்பித் தோட்டத்தின் பழைய கிடங்கில் 60 வாட் கார்பன் டை ஆக்சைடு இயந்திரம் ஒன்றை வைத்து, தங்கும் விடுதிகளுக்குப் பெயர்ப்பலகைகளும் எங்கள் காப்பிப் பைகளுக்கான அச்சுத்தகடுகளும் வெட்டுகிறேன். மலையும் சேலமும் ஒரே மாவட்டம்தான், ஆனால் இயந்திரத்துக்கு இரண்டும் வெவ்வேறு நாடு. அதன் கண்ணாடிக் குழாயைச் சுற்றி ஓடும் தண்ணீர் 25 பாகை செல்சியஸைத் தாண்டாமல் இருப்பது நல்லது. சித்திரை வெயிலில் உங்கள் ஊரில் காற்றே 38 பாகையைத் தாண்டும்போது, விசிறி மட்டும் உள்ள சி.டபிள்யூ-3000 வகைக் குளிர்விப்பான் எதுவும் செய்யாது. குளிர்சாதனப் பொறி உள்ள சி.டபிள்யூ-5200 போன்றது வேண்டும். எனக்குத் தலைகீழான தொல்லை. ஐப்பசியில் மேகம் கிடங்குக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அறை 21 பாகையில் இருக்க, நான் அறியாமையால் தண்ணீரை 16 பாகைக்கு வைத்திருந்தேன். ஒரு காலை நேரத்தில் குழாய் முழுவதும் பனித்துளி கோத்து நின்றது. இயக்கியதும் உயர் மின்னழுத்தம் முனையில் பொறியாகத் தெறித்து, குழாய் போய்விட்டது. புதிய குழாய் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வரும்வரை, மடியில் வைத்திருந்த எனக்கு மூச்சு சரியாக வரவில்லை.

பலகையும் அப்படித்தான். ஈரக்காற்றில், மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஊதிவிடும். மழை மாதத்தில் இங்கே இறுக்கமாகப் பொருந்திய பெட்டிகளை உங்கள் ஊர் வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பினேன். மாசியில் அவை அனைத்தும் தளர்ந்துவிட்டதாகத் தொலைபேசியில் கடிந்துகொண்டார். அதன்பின் எங்கே பயன்படுமோ அந்த ஊரின் காற்றில் சில நாள் கிடந்த பலகையைத்தான் அளக்கிறேன்.

பெயர்ப்பலகை வெட்டும்போது நீங்களும் சந்திக்கப்போகும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுத்தைப் பலகையில் ஓட்டையாக வெட்டினால் மூன்று சுழி ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் துண்டுகள் உதிர்ந்துவிடும், எழுத்தையே தனியே வெட்டி எடுத்தால் புள்ளிகள் உதிர்ந்துவிடும். என் முதல் ‘ஏற்காடு’ பலகையில் ‘ற்’ மேல் இருக்க வேண்டிய புள்ளியைக் கிடங்குத் தரையில் அரை மணி நேரம் தேடினேன். ‘கொலுசு’வில் கொம்பும் ‘க’வும் காலும் மூன்று தனித் துண்டுகளாகும். அடியில் ஒரு பட்டையை ஓடவிட்டு எல்லாவற்றையும் அதில் சேர்த்துவிடுங்கள், புள்ளிக்கு ஒரு மெல்லிய பாலம் கொடுங்கள்.

முதலில் பிளாட்டர் என்று அண்ணன் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டிக்கர் உங்கள் தேவையில் கால்பங்குதான். அதை அவர் கடையிலேயே வெட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்டு 1998-இல் தொடங்கிய வகுப்பிலிருந்து வளர்ந்ததுதான் ஃபேப் லேப் என்ற பொதுப் பட்டறை முறை; இந்தியாவில் அதன் முதல் பட்டறை 2002-இல் புணே அருகே பாபல் கிராமத்து விஞ்ஞான் ஆசிரமத்தில் அமைந்தது. ஃபேப் லேப் பயிற்சியில் தொடக்க வாரங்களிலேயே லேசரையும் வினைல் கத்தியையும் சேர்த்துக் கையில் கொடுத்து, பசையோ ஆணியோ இல்லாமல் பல விதமாகக் கோக்கக்கூடிய அட்டைத் துண்டுகளை வடிவமைக்கச் சொல்வார்கள். நீங்களும் ஆறு மாதம் எந்த இயந்திரமும் வாங்காமல், பழைய அட்டைப்பெட்டிகளைக் கடைக்கு எடுத்துச்சென்று நிமிடக் கணக்கில் வெட்டிப் பழகுங்கள். அதன்பிறகு எந்த இயந்திரம் வேண்டும் என்று நீங்களே எங்களுக்குச் சொல்வீர்கள். கடையில் வெட்டும்போது அருகிலேயே நில்லுங்கள். லேசரை ஓடவிட்டு டீ குடிக்கப் போகும் கடையில் ஒருநாள் தீப்பிடிக்கும்.

பெட்டியின் உள்ளே ரப்பர் தாளை விரிக்காதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்துவிடும். இது உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

பட்டறைவீடு, செவ்வாய்ப்பேட்டை

மூவருக்கும் மிக்க நன்றி. ரப்பர் தாளைத்தான் வாங்கி வைத்திருந்தேன். அப்பா பார்த்ததும் அக்கா எழுதியதையே சொன்னார். சித்தியிடம் ரெக்சின் முடியாது என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.

பட்டறையில் அப்பா பயன்படுத்தும் காலிப்பரையே எடுத்து அளந்தேன். பிளைவுட் 2.75 முதல் 2.86 வரை, சராசரியாக 2.80 மி.மீ.; அக்ரிலிக் 3.25 மி.மீ. அதே கடையில் பிளைவுட்டில் பத்துப் பட்டைகளை வெட்டி அடுக்கியபோது 98.2 மி.மீ. வந்தது, ஆக வெட்டு அகலம் 0.18. நான் 3.00 என்று வரைந்த துளை 3.18 ஆகியிருக்கிறது: பிளைவுட்டுக்கு 0.38 அதிகம், அக்ரிலிக்குக்கு 0.07 குறைவு. இத்தனை நாள் புரியாமல் இருந்தது ஒரே கழித்தலில் தெளிந்துவிட்டது. சீப்பில் 2.55 என்று பொறித்த பள்ளம்தான் கைக்குப் பிடித்திருந்தது, 2.60-இல் தலைகீழாகப் பிடித்தால் மெல்ல நழுவுகிறது. அக்ரிலிக் பெட்டிக்கும் இதே 0.18-ஐக் கழித்து வரைந்து, நாளை வெட்டக் கொடுக்கப்போகிறேன்.

பழைய ஃபிட்டர், சூரமங்கலம்

நாளை கொடுக்காதீர்கள், அம்மா. 0.18 என்பது அந்த இயந்திரம், அந்தக் குவிப்பு, அந்த வேகம், அந்தப் பிளைவுட் ஆகிய நான்கும் சேர்ந்து தந்த எண். அக்ரிலிக்கை வேறு வேகத்தில் வெட்டுவார்கள், அதன் ஓரம் உருகிப் பளபளக்கும், வெட்டு அகலமும் மாறும். அக்ரிலிக்கிலேயே பத்துப் பட்டைகளை வெட்டி அளந்துவிட்டு வாருங்கள். அதோடு, அந்த 3.25-ஐத் தாளின் ஓரத்தில் அளந்தீர்களா, தடுப்புப் பலகை வெட்டப்படும் இடத்தில் அளந்தீர்களா என்பதையும் எழுதுங்கள். பிளைவுட் பெட்டியை மட்டும் 2.55-இல் தைரியமாக வெட்டச் சொல்லலாம்.